கண்ணாடி கையில் இருக்கும்போது

மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் சேர்த்துப் பதினான்கு மாதச் சம்பளம் என்று இன்ஷூரன்ஸ்காரர் விலை போட்டார். வலது கை. விரல்கள் போய்விடவில்லை, இருக்கின்றன, மடங்குவதில்லை, அவ்வளவுதான். போயிருந்தால் இன்னும் ஆறு மாதம் சேர்த்துப் போட்டிருப்போம் என்று அவர் வருத்தத்தோடு சொன்னார், வந்திருக்க வேண்டிய லாபம் கைநழுவிப் போனதுபோல.

கண்ணாடிக் கடைக்காரம்மா விடவில்லை. "இருந்தும் உதவாத விரலுக்குத்தான் சார் விலை ஜாஸ்தி போடணும். இல்லாத விரலுன்னா நகம் வெட்ட வேண்டாம், சோப்புப் போட வேண்டாம், பார்த்துப் பார்த்து அழவும் வேண்டாம். செலவு மிச்சம்."

இன்ஷூரன்ஸ்காரர் சிரித்துவிட்டார். சிரித்த வாயோடு ஒரு மாதம் கூட்டினார். பக்கத்து நாற்காலியில், கட்டுப்போட்ட கையை மடியில் கிடத்தி உட்கார்ந்திருந்த அவள் தம்பி சிரிக்கவில்லை. எழுந்து வெளியே போனான். அந்த வாரமே அக்கா வீட்டு மாடியறையைக் காலி செய்தான். நாலு தெரு தள்ளி ஒரு செல்போன் கடையில் வேலைக்கு உட்கார்ந்தான். ஐந்து மாதமாகக் கண்ணாடிக் கடை இருக்கும் வரிசையில் அவன் நடப்பதில்லை. எதிர் வரிசையில் நடந்தான், அதுவும் முகத்தைத் திருப்பிக்கொண்டு.

அக்காவோடு பேச்சு உண்டு. அவள் கணவரான மாமாவோடுதான் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் தூக்குவாளியில் சோறும் முட்டைக் குழம்பும் எடுத்துக்கொண்டு அவன் அறைக்குப் போவாள். இடது கையில் ஸ்பூன் பிடித்து அவன் சாப்பிடுவதைச் சுவரில் சாய்ந்தபடி பார்ப்பாள். பிறகு பாத்திரத்தைக் கழுவிக்கொண்டு வருவாள். வரும் வழியெல்லாம் வாயில் ஒரு வாக்கியம் உருளும். கடை வாசல் வந்ததும் அதை விழுங்கிவிடுவாள்.

கண்ணாடி தூக்குகிறவர்களுக்கென்று சில ஒழுங்குகள் உண்டு. ஆள் உயரத்துக்கு மேல் போகும் ஷீட்டை இரண்டு பேர்தான் தூக்க வேண்டும். ஒருவர் "எடு" என்பார், மற்றவர் "எடுத்தாச்சு" என்பார். அதன்பிறகு மேசை வரைக்கும் மூச்சுச் சத்தம் தவிர வேறு சத்தம் கூடாது. இடையில் ஏதாவது விரிசல் ஓசை கேட்டால் "விட்டேன்" என்று கத்திவிட்டுக் கைகளைத் தூக்கிப் பின்னால் குதிக்க வேண்டும். விழும் கண்ணாடியைப் பிடிக்கக் கூடாது. பிடித்த கையை அது வைத்துக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: கண்ணாடி கையில் இருக்கும் ஆளைப் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. வீடே தீப்பற்றினாலும் கூடாது. கூப்பிட்டால் ஆள் திரும்புவான். ஆள் திரும்பினால் ஷீட் முறுக்கும்.

அன்று ஷீட் முறுக்கியது. நடுவில் கீச்சென்றது. ஒரு முனை பிடித்திருந்த கடைக்காரம்மாவின் கணவர், கண்ணாடிக்காரர், கையை விட்டுவிட்டுப் பின்னால் குதித்தார். மறுமுனையில் இருந்த மச்சினன் குதிக்கவில்லை, பிடித்தான்.

"மாமா ஒரு வார்த்தை குடுக்கல" என்றான் தம்பி, ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும். "குடுத்தேன்" என்றார் மாமா. "குடுத்தேன்னுதான் நினைக்கிறேன்" என்றார் மறுநாள். ஒரு வாரம் கழித்து எதுவும் சொல்லவில்லை.

ஷீட் ஏன் முறுக்கியது என்று யாரும் கேட்கவில்லை. அது கடைக்காரம்மாவுக்கு மட்டும் தெரியும். கவுன்டருக்கு எதிரே குளியலறை ஜன்னலுக்கு ஒரு சாண் பால் கண்ணாடி கேட்டு ஒரு ஆள் நின்றிருந்தார். வேறு கடைக்குப் போகிறேன் என்று ஒரு காலைப் படியில் வைத்துவிட்டார். அவளுக்கு அவசரம். தலையைத் திருப்பாமலே உள்ளே பார்த்து, "டேய் தம்பி, அந்தப் பால் கண்ணாடியை எங்கடா வெச்ச?" என்று குரல் கொடுத்தாள்.

பிறந்ததிலிருந்து கண்ணாடிக் கடையில் வளர்ந்தவள். ஒரு சாண் கண்ணாடிக்காக வாயைத் திறந்துவிட்டாள்.

கண்ணாடிக்காரருக்கு விரல் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கை போய்விட்டது. கட்டரை எடுத்துக் கண்ணாடியில் வைத்ததும் மணிக்கட்டிலிருந்து ஒரு நடுக்கம் கிளம்பும். கண்ணாடி வெட்டுவது ஒரே இழுப்பு. போட்ட கோட்டின் மேல் இன்னொரு கோடு போட்டால் கட்டரும் போச்சு, கண்ணாடியும் போச்சு. நடுங்குகிற கைக்கு அந்தத் தொழிலில் இடமில்லை. முதல் மாதம் அவர் கடைக்கு வந்து உட்கார்ந்து தெருவைப் பார்த்தார். இரண்டாம் மாதம் வரவில்லை. படுக்கையில் சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தவரை, தம்பியின் கைக்குப் பயிற்சி கொடுக்கும் அதே ஆஸ்பத்திரிக்கு, வேறு மாடிக்கு, அவள்தான் இழுத்துக்கொண்டு போனாள்.

அங்கே ஆலோசனை சொல்லும் மேடம் மெல்லிய குரலில் பேசினார். சரக்கின் தரம் தெரியாமல் வாங்குகிற பழக்கம் கடைக்காரம்மாவுக்குக் கிடையாது. ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நாலு எண்ணி மூச்சை இழுங்க. ஆறு எண்ணி விடுங்க" என்றார் மேடம்.

"வரவு நாலு, செலவு ஆறா? நமக்குக் கட்டுப்படி ஆகாதே மேடம்."

"கட்டும். ஒரு வாரம் செஞ்சு பாருங்க. அப்புறம், பயம் வந்தா தள்ளிவிடப் பார்க்காதீங்க சார். பேர் சொல்லுங்க. 'இது பயம்', 'இது கோபம்'னு வாய் விட்டுச் சொல்லுங்க."

"பேர் சொல்லிக் கூப்பிட்டா வந்து உக்காந்துக்காதா?"

"ஏற்கெனவே உக்காந்துதான்மா இருக்கு. பேர் சொன்னா கொஞ்சம் நகர்ந்து இடம் விடும்."

"சரி, எழுதிக்கறேன்."

"தப்பு நடந்துச்சுன்னு தன்னைத்தானே திட்டிக்காதீங்க சார். ஒரு நண்பன்கிட்டப் பேசுற மாதிரி உங்ககிட்ட நீங்க பேசணும்."

"இவர் நண்பர்களோட பேசுறதை நீங்க கேட்டதில்ல மேடம். கேட்டிருந்தா இந்த யோசனை சொல்ல மாட்டீங்க."

கண்ணாடிக்காரர் இரண்டு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் லேசாக உதட்டைக் கோணினார். அது போதும் என்று அவள் மொத்தச் சரக்கையும் வீட்டுக்கு எடுத்து வந்தாள். காலையில் எழுந்ததும் இருவரும் பள்ளிக்கூடம் வரை நடந்து திரும்பினார்கள். திரும்பியதும் டீ, டீ குடித்ததும் ஒரு துண்டு. எறிய வைத்திருந்த ஒரு சாண் கண்ணாடித் துண்டை அவள் மேசையில் வைப்பாள், அவர் ஒரு கோடு போட வேண்டும். ஒன்றே ஒன்று. உடைந்தாலும் சரி. மறுநாள் அதே நேரத்துக்கு இன்னொன்று.

"பயமா இருக்கு" என்பார்.

"இருக்கட்டும். ஓரமா நிக்கச் சொல்லுங்க. நாம என்ன அதுக்குக் கூலியா குடுக்கப் போறோம்."

பதினோராம் நாள் ஒரு துண்டு நேராக முறிந்தது. அடுத்த வாரம் போட்டோ சட்டத்துக்கு வெட்டினார். பிறகு ஜன்னல் சதுரம். பெரிய ஷீட்டையும் முகம் பார்க்கும் கண்ணாடியையும் மட்டும் தொடவில்லை. "அதுல என் மூஞ்சி தெரியும். கட்டரோட குனிஞ்சா அவன் கீழேர்ந்து பார்க்குறான்" என்றார். அதற்கு, மேடம் சொல்லச் சொல்ல அவள் எழுதி வந்த காகிதத்தில் ஒன்றும் இல்லை.

மற்ற சரக்கையெல்லாம் எடுத்துக் கடை விரித்தவள், தன்னுடையதை மட்டும் வெளியே எடுக்கவில்லை. ஒருநாள் காலை அவர், "சத்தம் குடுத்தேனா, குடுக்கலையா, அது தெரிஞ்சாக்கூடத் தூங்கிடுவேன்" என்றபோது அந்த வாக்கியம் அவள் தொண்டைக்கு வந்தது. பழைய செய்தித்தாளைத் தண்ணீரில் நனைத்து முகப்புக் கண்ணாடியைத் தேய்க்கப் போய்விட்டாள். தொண்டைக்கு வரும்போதெல்லாம் அப்படித்தான். அந்தக் கடையின் முகப்பு அந்த ஐந்து மாதம்போல் என்றும் பளிச்சென்று இருந்ததில்லை. சொன்னால் கணவர் தூங்குவார், சரி. தம்பி? உலகத்தில் அவளுக்குப் பிறந்த வீடு என்று மிச்சம் இருந்தது அவன் ஒருவன்தான்.

அப்படியிருக்கும்போதுதான் சலூன்காரர் வந்தார்.

புதுக்கடை, மூன்று நாற்காலி, மறுநாள் காலை திறப்பு. சுவருக்கு எட்டடிக்கு நாலடி ஒரே கண்ணாடி வேண்டும். "ஒட்டுப் போட்டது வேணாம்மா. நடுவுல கோடு வந்தா வர்றவன் மூஞ்சி ரெண்டா தெரியும். முடி வெட்டினவன் மேலதான் பழி" என்றார். சொன்னவர் போகவில்லை, முறுக்கிய மீசையோடு கடையிலேயே உட்கார்ந்துகொண்டார். வாசலில் அவருடைய சின்ன வேன் நின்றது.

வழக்கமாக வரும் சுமைகூலி ஆளுக்குப் பல்வலி. போனில் அரை வாயால் சொன்னான். காலையிலிருந்து காற்று வேறு, சூடாக, மண்ணை வாரி இறைத்தபடி. கடையின் தகரப் பலகை சங்கிலியில் ஆடிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்காரர் உள்ளே சட்டத்தில் சாய்த்திருந்த பெரிய ஷீட்டை நெடுநேரம் பார்த்தார். அவருடைய முழு உருவமும் அதில் நின்று அவரைப் பார்த்தது.

"நாளைக்கு ஆள் வந்ததும் பண்ணலாமே" என்றாள் அவள்.

"நாளைக்குன்னா நாளைக்கும் இதேதான். எனக்குப் பயமா இருக்கு. சொல்லிட்டேன். சலூன்காரரே, ஒரு முனை பிடிப்பீங்களா?"

"கத்திரி பிடிச்ச கைதானே, பிடிச்சுட்டாப் போச்சு."

"பேசக் கூடாது. திரும்பக் கூடாது. நான் 'எடு'ன்னா 'எடுத்தாச்சு'ன்னு மட்டும் சொல்லணும்."

"பேசாம இருக்கறதுதான் கஷ்டம். பார்க்கிறேன்."

கையுறை மாட்டினார்கள். "எடு" என்றார் கண்ணாடிக்காரர். "எடுத்தாச்சுங்க" என்றார் சலூன்காரர். ஷீட் சட்டத்திலிருந்து எழுந்தது. ஓரடி. இரண்டடி. கடைக்காரம்மா கவுன்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சை எண்ணினாள்.

அப்போது வாசலில் நிழல் விழுந்தது. தம்பி.

ஓட்டுநர் உரிமத்தை மேசை டிராயரில் விட்டுப் போயிருந்தான். புதுப்பிக்க அன்றுதான் கடைசி நாள். மாமா இல்லாத நேரம் பார்த்து வாங்கிப் போகலாம் என்று வந்தவன், உள்ளே கண்ணாடி நகர்வதைப் பார்த்துப் படியிலேயே நின்றுவிட்டான். வாய் திறக்கவில்லை. தொழில் தெரிந்தவன்.

ஆனால் கண்ணாடிக்காரர் அவனைப் பார்த்துவிட்டார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து, பின்னால் என்னவோ என்று சலூன்காரர் தலையைத் திருப்பினார். தலையோடு தோள் திரும்பியது. தோளோடு ஷீட் முறுக்கத் தொடங்கியது. கண்ணாடிக்குள் கூரையும் விசிறியும் மெல்லச் சாய்ந்தன.

கடைக்காரம்மாவின் வாய் தானாகத் திறந்தது. கையால் பொத்திக்கொண்டாள்.

தம்பி மூன்றே எட்டில் உள்ளே வந்தான். இடது கையை ஷீட்டின் அடியில் கொடுத்தான், வலது முன்கையை விளிம்போரம் அணைத்தான், சலூன்காரரை இடுப்பால் இடித்து ஒதுக்கினான்.

"எடு" என்றான்.

பதில் வரவில்லை. கண்ணாடிக்காரரின் உதடுகள் அசைந்தன, குரல் இல்லை.

"எடு மாமா" என்றான் மறுபடியும், பல்லைக் கடித்தபடி.

"எடுத்தாச்சு."

ஷீட் நேரானது. மேசைக்கு ஐந்து எட்டு. கம்பளம் விரித்த மேசையில் மெத்தென்று படுத்தது. யாரும் மூச்சு விடவில்லை. முதலில் விட்டவர் சலூன்காரர்.

"யாருங்க இந்தப் பையன்? நல்லா தூக்குறான். கூடவே வெச்சுக்கலாமே."

"வெச்சிருந்தாங்க" என்றான் தம்பி. வலது கையை உயர்த்தி விரித்துக் காட்டினான். மூன்று விரல் விரிந்தது, இரண்டு விறைத்து நின்றது. சலூன்காரர் மீசையைத் தடவிக்கொண்டு மூலைக்குப் போனார்.

கண்ணாடிக்காரர் அளவெடுத்தார், மட்டப் பலகையை வைத்தார், கட்டரின் சக்கரத்தை மண்ணெண்ணெயில் தொட்டார். குனிந்தார். கண்ணாடிக்குள் இருந்தவரும் கீழேயிருந்து குனிந்தார். மணிக்கட்டு ஆடத் தொடங்கியது.

"பயமா இருக்கு" என்றார், காகிதத்தில் எழுதியிருந்தபடி.

"உங்களுக்கு என்ன பயம்?" என்றான் தம்பி. "போனது என் விரல். அன்னிக்கு இந்த வாய் எங்க இருந்துச்சு? இப்ப 'பயமா இருக்கு'ன்னு நல்லாத்தானே வருது. 'விட்டேன்'னு ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை, மாமா."

"டேய்" என்றாள் அக்கா.

"நீ சும்மா இருக்கா. அஞ்சு மாசமா நானும் சும்மாதான் இருந்தேன்."

கண்ணாடிக்காரர் நிமிர்ந்தார். "சொல்லல மாப்ள" என்றார். "சொன்னேன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். இப்ப நீ 'எடு'ன்னப்பவும் குரல் வரல பார்த்தியா. அன்னிக்கும் அப்படித்தான். உதடுதான் ஆடியிருக்கும். நான் சொல்லல. நான்தான் பண்ணினேன்." கட்டரைக் கம்பளத்தின் மேல் வைத்தார். கையுறையைக் கழற்றினார். "சலூன்காரரே, மன்னிச்சுக்குங்க. மேல்தெருக் கடையில ஒட்டுப் போட்டுத் தருவான். நான் இனிமே தொட மாட்டேன். எதையும்."

சொன்ன விதம் அவளுக்குப் புரிந்தது. இருபது வருடம் அந்த ஆளோடு குடித்தனம் நடத்தியவள். தினமும் ஒரு துண்டாக மூன்று மாதம் அவள் சேர்த்துக் கட்டியது அந்தக் கையுறையோடு கழன்று மேசையில் கிடந்தது. இந்த மனிதர் வீட்டுக்குப் போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பார், இந்த முறை எழுந்திருக்க மாட்டார்.

முகப்புக் கண்ணாடி தேய்க்கிற அளவுக்கு அழுக்காக இல்லை.

"ஷீட் ஏன் முறுக்கிச்சு?" என்றாள்.

இருவரும் திரும்பினார்கள்.

"அன்னிக்கு. சொல்லு தம்பி. ஷீட் தானாவா முறுக்கிச்சு?"

"அது..." அவன் நெற்றியைச் சுருக்கினான். "நான் திரும்பினேன்னு நினைக்கிறேன். எதுக்குன்னு ஞாபகம் இல்ல."

"நான் கூப்பிட்டேன். பால் கண்ணாடியை எங்கடா வெச்சன்னு. நீ திரும்பின. அதுல முறுக்கிச்சு, அதுல விரிஞ்சுச்சு. இவர் சத்தம் குடுக்காதது அப்புறம். முதல் சத்தம் என்னோடது."

காற்றில் தகரப் பலகை அடித்துக்கொண்டது.

"கண்ணாடி கையில இருக்கிற ஆளை" என்றான் தம்பி மெதுவாக, "நீ கூப்பிட்டியா?"

"கூப்பிட்டேன்."

"எதுக்கு?"

"ஒரு சாண் பால் கண்ணாடிக்கு."

"அதை வித்தியா?"

"இல்ல. அந்த ஆள் ரத்தத்தைப் பார்த்துட்டு ஓடிட்டார்."

சலூன்காரருக்குப் பொறுக்கவில்லை. "அப்படிப் பார்த்தா மூணு பேரும்தானே தம்பி? அவங்க கூப்பிட்டாங்க, இவர் சொல்லல, நீயும் விழுறதைப் பிடிச்சுட்ட. ஆளுக்குச் சரி பங்கு."

"நீங்க முடி மட்டும் வெட்டுங்க" என்றான் தம்பி, அக்காவை விட்டுக் கண்ணை எடுக்காமல். "வாரா வாரம் சோறு கொண்டாந்தியேக்கா. எதிர்ல நின்னு நான் திங்கறதைப் பார்த்தியே. மாமாவை நான் அந்தத் திட்டு திட்டுறப்ப 'ஆமாடா, விடுடா'ன்னு தலையாட்டினியே. அப்ப இந்த வாய் எங்க போச்சு?"

"சொன்னா நீயும் போயிடுவியோன்னு பயம்."

"இப்ப மட்டும்?"

"இப்பவும் அதே பயம்தான். ஆனா இவர் கட்டரைக் கீழ வெச்சுட்டாரு."

அவள் கணவரைப் பார்த்தாள். கொஞ்சம் இளகியிருப்பார் என்று எதிர்பார்த்தாள். அதுகூட வேண்டாம், ஒரு பெருமூச்சாவது. கண்ணாடிக்காரர் மேசையில் இரு கைகளையும் ஊன்றிக் கீழே தெரிந்த தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலு எண்ணும் நேரம். ஆறு எண்ணும் நேரம்.

"கோபம்" என்றார்.

"என்னங்க?"

"பேர் சொல்லச் சொன்னாங்கல்ல. இது பயம் இல்ல. கோபம். உன் மேல." குரல் உயரவே இல்லை. "தினமும் காலையில என்னைக் கூட்டிக்கிட்டு நடந்த. டீ போட்டுக் குடுத்துத் துண்டு வெச்ச. ராத்திரியெல்லாம் நான் 'சொன்னேனா சொல்லலையா'ன்னு கிடந்தப்ப பக்கத்துல படுத்திருந்த."

"ஆமா" என்றாள். வியாபாரத்தில் அவளுக்கு வராத ஒரே வார்த்தை அதுதான்.

அவர் கையுறையை எடுத்து மாட்டினார். கட்டரை எடுத்தார். மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார், வேறு யாருடையதோபோல.

"கோபத்தோட வெட்டலாமா மாமா?" என்றான் தம்பி. கேலியா, நிஜமாகவே கேட்டானா, தெரியவில்லை. "அழுத்தம் கூடிடும்."

"பயத்தோட வெட்டியிருக்கேனே. இது கொஞ்சம் மேல. கை நிக்குது பாரு."

"நிக்குது."

"பலகையைப் பிடி."

தம்பி எதிர்ப்பக்கம் போய் மட்டப் பலகையின் மேல் இடது உள்ளங்கையையும் வலது முழங்கையையும் ஊன்றினான். கண்ணாடிக்காரர் குனிந்தார். சக்கரம் தூர விளிம்பில் தொட்டது. ஒரே சீரான சீறல் ஒன்று எட்டடி நீளத்துக்கும் வந்தது, எங்கும் திக்காமல், எங்கும் நிற்காமல். பாதி வழியில் அவர் தன் முகத்தின் மேலேயே கோட்டை இழுத்துக்கொண்டு போனார். இந்த விளிம்பில் வந்து முடிந்தபோது கோடு கண்ணுக்கே தெரியவில்லை, ஒரு முடி கிடப்பதுபோல் இருந்தது. ஷீட்டை மேசை ஓரத்துக்கு நகர்த்தினார்கள். இருவரும் சேர்ந்து ஒரு அழுத்து. டொக் என்றது.

நேராக, சுத்தமாக, எட்டடியும்.

சலூன்காரர் கை தட்டப் போனவர், மூவர் முகத்தையும் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

விளிம்பைத் தேய்த்து, போர்வை சுற்றி, வேனில் ஏற்றினார்கள். இந்தக் காற்றில் பக்கத்துக்கு ஒரு ஆள் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால்தான் போய்ச் சேரும் என்றார் கண்ணாடிக்காரர். தம்பி பின்னால் ஏறினான். அவள் டிராயரைத் திறந்து உரிமத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். நீட்டினாள். வாங்கிச் சட்டைப் பையில் போட்டான்.

"ஞாயிற்றுக்கிழமை" என்று ஆரம்பித்தாள்.

"வராதக்கா."

"அடுத்த ஞாயிறு?"

"நானா சொல்றேன். சொல்ற வரைக்கும் வராத."

கணவர் மறுபக்கம் ஏறி உட்கார்ந்தார். நடுவில் போர்வை சுற்றிய கண்ணாடி நின்றதால் அவர் முகம் தெரியவில்லை. "மெதுவா, மாப்ள" என்ற குரல் மட்டும் கேட்டது. "பிடிச்சிருக்கேன், நீங்க காலைப் பார்த்து வைங்க" என்றது இன்னொரு குரல். வேன் மண்ணைக் கிளப்பிக்கொண்டு திருப்பத்தில் மறைந்தது.

அவள் உள்ளே வந்து மேசைக்கு அடியில் கிடந்த கண்ணாடிச் சிம்புகளைக் கூட்டினாள். வெட்டி மிஞ்சிய நீளத் துண்டைச் சுவரில் சாய்த்தாள். ஒரு பெண் அதில் தெரிந்தாள், இடுப்பிலிருந்து கழுத்து வரை. இது என்ன என்று அவள் வாய் விட்டுச் சொல்லிப் பார்த்தாள்: "பயம்." பிறகு, "அவமானம்." இரண்டும் போகவில்லை. இரண்டுக்கும் நடுவில் நிற்க ஒரு அடி இடம் கிடைத்தது, அவ்வளவுதான். அங்கே நின்றுகொண்டு அவள் அன்றைய பொழுதைக் கூட்டிப் பார்த்தாள்.

வந்த ஷீட் ஒன்று. வெட்டியது ஒன்று. உடைந்தது இல்லை. மாமாவும் மாப்பிள்ளையும் பேசிக்கொண்டது, சண்டையில் போனதைக் கழித்துவிட்டால், நாலைந்து பேச்சு. அவளிடம் அந்த இருவரும் பேச வேண்டியது முழுவதும் பாக்கி.